அவர் மாறியது எனக்குப் பிடிக்கவில்லை

கோபம் வருவதற்கு முன்னால் அவருடைய மூக்கு நுனி சிவக்கும். மலைக்குளிரில் எல்லாருக்கும்தான் மூக்கு சிவக்கிறது. ஆனால் அவருக்குச் சிவந்தால் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு மடியிலிருக்கும் பிள்ளையைச் சரிசெய்துகொள்வார்கள். மேல்மலையில், மன்னவனூர் பஸ் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ். நான் அங்கே மருந்து கொடுப்பவள். ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். ஊர்க்காரர்களுக்கு அவர் நர்சம்மா, நான் மாத்திரை அக்கா.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு பாராட்டுப் பத்திரம் மாதிரி ஆகிவிடும். அவருக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் போதும் என்றே இன்னமும் தோன்றுகிறது.

முதல் இரண்டு வருடமும் அவர் கத்தாத நாள் கிடையாது. மனைவியை நடத்திக் கூட்டிவந்த ஒரு விவசாயியிடம், "கேரட் மூட்டைக்கு ஜீப் கெடைக்குது, பொண்டாட்டிக்குக் கெடைக்கலயோ?" என்று வாசலிலேயே வைத்துக் கேட்டார். சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத பெண்களிடம், வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டாயா என்பார். அவர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். வேலையில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு வலிக்கும் முன்பே முடிந்துவிடும். ஆனால் நியாயம் அவர் தொண்டையிலிருந்து வெளியே வரும்போது கல்லாக மாறியிருக்கும்.

நான் அதற்கு நேரெதிர். கொடைக்கானல் பஜாரில் என் அத்தாவுக்குக் கம்பளிக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் கடையில்தான் இருப்பேன். பத்து ஸ்வெட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற டூரிஸ்டுகளைப் பார்த்தும் சிரிக்க வேண்டும் என்பது அத்தாவின் சட்டம். முகம் கோணினால் ராத்திரி சாப்பாட்டின்போது அதைப் பற்றி மட்டும்தான் பேசுவார். எனக்கு ஏழெட்டு வயதிலேயே சிரிப்பு முகத்தோடு ஒட்டிவிட்டது. பிறகு அதைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை. பள்ளியில், கல்லூரியில், கல்யாணமான வீட்டில், எல்லா இடத்திலும் நான் தங்கமான பெண்.

அதனால் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. நர்சம்மாவிடம் திட்டு வாங்கிய பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வருவார்கள். "விடு தங்கம், அவங்க சுபாவம் அப்படி" என்பேன். மாத்திரையைவிட அந்த வார்த்தைக்காக வந்தவர்கள் அதிகம். மலைப்பூண்டு ஒரு கைப்பிடி, பீன்ஸ் ஒரு பை என்று ஏதாவது கொண்டுவந்து ஜன்னலில் வைப்பார்கள். அவருடைய கோபத்தால்தான் என் இனிமைக்கு மதிப்பு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். போளூரிலிருந்து ஒரு பெண், முதல் பிள்ளை, எட்டாம் மாதம். பூண்டு எடுக்கிற வேலையில் போன தடவை வராமல் இருந்துவிட்டாள். அதற்காக உள்ளே அவளுக்கு நன்றாகக் கிடைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தபோது துடிப்பு சரியாக இருந்திருக்கிறது. கடைசியில் அவர், "வேற எதுவும் தொந்தரவு இருக்கா? வெரசாச் சொல்லு, வெளிய இருவது பேர் நிக்கிறாங்க" என்றார். அவள் ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

என் ஜன்னலில் மாத்திரையை வாங்கிக்கொண்டு சற்று நின்றாள். பிறகு மெதுவாக, "அக்கா, ரெண்டு நாளா பிள்ளை அசைவு கொறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

உள்ளே போய் இப்போதே சொல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளே அவர் அடுத்தவளிடம் கத்திக்கொண்டிருந்தார். இவளை மறுபடி அனுப்பினால் இவளுக்கும் விழும், கூடப் போகும் எனக்கும் விழும். அந்தச் சத்தத்துக்குள் போக எனக்கு மனமில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுடா தங்கம். நல்லாச் சாப்பிட்டு, எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு" என்றேன். என் குரல் மிக நன்றாக இருந்தது. அவள் முகம் தெளிந்து, சிரித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது.

யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, தன் விடுமுறை நாளில், அவர் கேரட் ஏற்றப்போன ஒரு ஜீப்பில் ஏறிப் போளூருக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூம்பாறை தாண்டியது. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்திருக்கு மேடம். நான் திட்டுவேன்னு பயந்து எங்கிட்டச் சொல்லல" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவர் மாற ஆரம்பித்துவிட்டார். பார்க்கச் சகிக்காது. மருந்துச் சீட்டில் எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி, "வாம்மா. உக்காரு. சொல்லும்மா" என்பார். கத்தப்போகிற வேகத்தில் அந்த வார்த்தைகள் வரும்போது கேட்கிறவர்கள் முன்பைவிட அதிகமாகப் பயந்தார்கள். நின்றுகொண்டு பேசினால் குரல் தானாக ஏறுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு குட்டை ஸ்டூலை வாங்கிவந்தார். யார் வந்தாலும் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, தான் அந்த ஸ்டூலில் கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பார். சாயங்காலம் கிளம்பும்போது, கூட்டித் துடைக்கிற அக்காவிடம், "இன்னைக்கு எத்தனை தடவை கத்துனேன்?" என்று கேட்பார். அந்த அக்கா விரலை மடக்கி யோசித்து, "காலையில ரெண்டு, மத்தியானம் அந்த ஆம்புலன்சுக்காரன ஒண்ணு" என்று சொல்லும். ஆம்புலன்ஸ் ஓட்டுபவரைத் திட்டிய அன்று, தூறலில் நனைந்துகொண்டே வண்டிக்குப் பின்னால் வளைவு வரை ஓடி, நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரிப்பு மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன். ஒருநாள் பஸ்ஸில், "என்ன சிஸ்டர், ஊரே நீங்க நடிக்கிறீங்கன்னு பேசுது" என்று என் வழக்கமான இனிப்போடு சொன்னேன்.

"நடிப்புத்தான் மேடம்" என்றார். "கத்துறதும் நான் பழகுனதுதான. எங்கம்மா நூல் மில்லுல வேல பாத்துச்சு. மிஷின் எரைச்சல்ல காது பாதி போயிருச்சு. எங்க வீட்ல மெதுவாப் பேசுனா அது பேச்சே கெடையாது. பாசமாக் கூப்புடுறதுன்னாலும் கத்தித்தான் கூப்புடணும். அங்க பழகுனது இங்க வந்துச்சு. இதையும் நடிச்சு நடிச்சுப் பழகிட்டா ஒட்டிக்கிராதா?"

ஒட்டாது என்று நான் உறுதியாக இருந்தேன். சுபாவம் பிறவியோடு வருவது, முப்பத்தைந்து வயதுக்கு மேல் யாரும் மாறுவதில்லை என்று என் கணவரிடம்கூட விவாதம் செய்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அவர் மாற முடியாது என்றால் நானும் இப்படியே இருந்துகொள்ளலாம்.

ஆனால் ஒட்டிக்கொண்டது. ஒரு வருடத்தில் "சொல்லும்மா" என்ற வார்த்தை அவர் வாயில் இயல்பாக உட்கார்ந்துவிட்டது. அவர் அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் பெண்கள் என்னென்னவோ சொன்னார்கள். வெள்ளைப்படுவதை, புருஷன் அடித்ததை, மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிட்ட மாத்திரையை. இதெல்லாம் என் ஜன்னலுக்கு வரவேண்டிய செய்திகள். இப்போது என் ஜன்னலில் சீட்டை நீட்டி, மருந்தை வாங்கி, போய்க்கொண்டே இருந்தார்கள்.

பூண்டும் பீன்ஸும் அவர் மேஜைக்குப் போக ஆரம்பித்தன. அவர் எல்லாவற்றிலும் எனக்குப் பாதி பிரித்துக் கொடுப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அவர் கொடுத்த பீன்ஸ் பையை பஸ் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கினேன். மறந்துவிட்டேன் என்று வீட்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் கண்டக்டர் அந்தப் பையைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து கொடுத்தார். வேறு வழியில்லாமல் சமைத்தேன். பிள்ளைகள் ருசித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

புதிதாக ஓர் இளம் டாக்டரம்மா வந்தபோது, பழைய கதைகளையெல்லாம் நான்தான் அவருக்குச் சொன்னேன். ஜீப் கதை, ஆட்டுக்கு மாத்திரை போட்ட கதை, பதிவேட்டைத் தூக்கி எறிந்த கதை. சிரித்துக்கொண்டே, பாசமாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். மனிதர்கள் பழைய ஆளை மறந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை. டாக்டரம்மா கண்களை விரித்து, "இவங்களா? நம்பவே முடியலயே. அப்ப எவ்ளோ கஷ்டப்பட்டு மாறியிருக்காங்க" என்றார். நான் சொன்ன ஒவ்வொரு கதையும் நர்சம்மாவின் உயரத்தைக் கூட்டிவிட்டுத்தான் வந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு முற்பகல், சண்டைக்குப் பேர்போன ஓர் உருளைக்கிழங்கு விவசாயி தன் அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தார். நர்சம்மா எங்கே என்று என்னிடம் கேட்டார். அவர் பிரசவ அறையில் இருப்பது எனக்குத் தெரியும். "டீ குடிக்கப் போயிருப்பாங்க அண்ணே, வந்துருவாங்க" என்றேன். பழைய மூக்குச் சிவப்பை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் என் நோக்கம்.

அந்த மனிதர் அரைமணி நேரம் பொருமிவிட்டு, அவர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். அரசாங்கச் சம்பளம், டீ, திமிர் என்று என்னென்னவோ சொன்னார். நான் ஏதோ பதிவேட்டைத் தேடுகிறவள் போல வராந்தாவுக்கு வந்து நின்றேன். நர்சம்மாவுக்கு மூக்கு சிவந்தது. நன்றாகவே சிவந்தது. அவர் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீ குடிக்கலண்ணே. உள்ள ஒரு பொம்பளப்பிள்ள பொறந்துருக்கு. கையக் கழுவிட்டு வந்துர்றேன். அம்மாவ நிக்கவைக்காதீங்க, நாற்காலியில உக்கார வைங்க."

அந்த மனிதர் அப்படியே அடங்கிவிட்டார். கட்டுப் போட்டு முடிந்ததும் எதிர்க்கடைக்குப் போய், தன் கையாலேயே ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து அவர் மேஜையில் வைத்துவிட்டு, அம்மாவைத் தாங்கலாகக் கூட்டிப்போனார். நர்சம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். கேட்கவில்லை. நான் சிரித்தேன்.

போன வருடம் அவருக்கு மாறுதல் வந்தது. வயதான அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவரே கீழே சமவெளிக்குக் கேட்டு வாங்கியது. வழியனுப்பும் நாளில் ஆஸ்பத்திரி வாசல் நிரம்பிவிட்டது. போளூர்ப் பெண்ணும் வந்திருந்தாள், அதற்குப் பிறகு பிறந்த இரண்டு வயதுப் பையனோடு. அவனை அவர் மடியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து எப்போதும் போல "நல்லாருக்கீங்களாக்கா" என்றாள்.

அவரைப் பேசச் சொன்னார்கள். மேடைப்பேச்சு வராது என்று சொல்லிவிட்டு இரண்டே வாக்கியம் பேசினார். மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்று தனக்குத் தெரியாமல் இருந்தது என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் மாத்திரை அக்கா பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

எனக்குக் காதுக்குள் சூடாகிவிட்டது. நாலு வருடமாக நான் பொறாமைப்பட்டது என்னுடைய குரலைப் பார்த்துத்தானா? அதை எடுத்துக்கொண்டுபோய், என்னைவிட நன்றாகப் புழங்கி, கடைசியில் ஊர் முன்னால் எனக்கே நன்றி சொல்லுகிறாரா?

அன்று சனிக்கிழமை. டூரிஸ்ட் வண்டிகள் பூம்பாறை வரை அடைத்து நின்றதால் சாயங்கால பஸ் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் காலடியில் பரிசுப் பைகள். மூடுபனி ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"கூட்டத்துல ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உண்மைதான மேடம்?"

"அது நல்ல குரல் இல்ல சிஸ்டர்." என் குரல் உயர்ந்தது. அது உயர்வதை நானே ஆச்சரியமாகக் கேட்டேன். "அந்தக் குரல்லதான் போளூர்ப் பொண்ண வீட்டுக்கு அனுப்புனேன். பிள்ள அசையலன்னு எங்கிட்டத்தான் சொன்னா. ஒண்ணும் இருக்காது தங்கம்னு சொன்னேன். நீங்க கத்துறதுக்குப் பயந்துக்கிட்டுச் சொன்னேன். நீங்க அழகா மாறிட்டீங்க. உங்களைக் கொண்டாடுறாங்க. நான் அப்படியே கெடக்கேன். உங்களப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, தெரியுமா? அந்தக் கெழங்குக்காரர அனுப்புனதும் நான்தான்." எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நாற்பது வயதில் முதல்முறையாக ஒரு மனிதரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"தெரியும்" என்றார். "போளூருக்குப் போன அன்னைக்கே அந்தப் பொண்ணு சொல்லிருச்சு."

"பெறகு ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா சிரிப்பீங்க." குனிந்து ஒரு பையை நிமிர்த்தி வைத்தார். "ரெண்டு வருசம் உங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல மேடம். பக்கத்துல உக்காந்து வர்றதுக்கே பல்லக் கடிச்சுக்கிட்டு வருவேன். ஆனா நான் உள்ள கத்துனதாலதான நீங்க அவளத் திருப்பி உள்ள அனுப்பல. அப்படியும் யோசிப்பேன். உங்ககிட்டருந்து குரல மட்டுந்தான் எடுத்துக்கிட்டேன். என்ன சொல்லணுங்கறத எடுத்துக்கல."

நான் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க எங்கூடப் பேசிருக்கீங்க" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, முன்சீட்டில் ஒருவரும் பின்சீட்டில் ஒருவருமாக உட்கார்ந்து கொடைக்கானல் வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் போளூருக்குப் போனேன். அந்தப் பெண் முற்றத்தில் பூண்டின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செய்ததைச் சொன்னேன். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லாதபோதுதான் அது தெரிந்தது. கத்தியைக் கீழே வைக்காமல், "இப்ப எதுக்குக்கா வந்து சொல்றீங்க?" என்று கேட்டாள். பதிலுக்காக என்னையே பார்த்தாள். "என்னால தாங்க முடியல, அதான்" என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று ஜீப்காரர் கூப்பிட்டார்.

இப்போது புதிய நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அமைதியானவர். என் ஜன்னலில் யாராவது உடம்புக்கு ஏதோ ஒன்று என்று இழுத்தால், நான் மருந்தைக் கொடுப்பதில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்துகிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. மாத்திரை அக்கா முன்னைப் போல இல்லை, கொஞ்சம் கடுசாகிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்களாம். கூட்டித் துடைக்கிற அக்காதான் வந்து சொன்னது, நர்சம்மா இருந்தால் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார் என்றும் சொன்னது.

எனக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் நான் மாறியது இந்த ஒன்றில்தான். அதையும் அவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.